பாட்டிலைப் பார்த்துத்தான் குடிக்கிறது குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு தடவை குனிந்து பாருங்கள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பினாயிலோ ஆசிட்டோ இருக்கிறதா? இருக்கும். தெருவில் வண்டியில் வருகிறவர், நாம் நீட்டும் பாட்டிலில்தானே ஊற்றிக் கொடுக்கிறார்!

முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். ஒரு மே மாத மதியம், ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய். தாகம், ஒரே ஒரு வாய். பாட்டி பதறிப்போய் உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்கிறார். வினையே அங்கேதான். மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதைவிட, திரும்ப மேலே வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. பையனுக்கு விலா எலும்பு உள்வாங்க மூச்சு இரைத்தது, சட்டையெல்லாம் அந்த வாடை. ஆறு நாள் ஆக்சிஜன். பிழைத்துக்கொண்டான். பாட்டிதான் வராண்டாவில் உட்கார்ந்து, "நல்லதுக்குத்தானேம்மா குடுத்தேன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் மறுபடி சொல்கிறேன், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டுக்கும் அதேதான், இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும்.

இப்போது காஸ் வந்து மண்ணெண்ணெய் குறைந்துவிட்டது. பாட்டில் பழக்கம் மட்டும் போகவில்லை. 1967-இல் கனடாவில் ஆன்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவர், அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மாத்திரை மூடியைக் கொண்டுவந்தார். அருமையான மூடி. ஆனால் தாத்தாவுக்குத் திறக்க வரவில்லை என்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தால் மூடி என்ன செய்யும்? எது எதில் வந்ததோ அதிலேயே இருக்கட்டும். குழந்தைக்கு எழுத்து தெரியாது, பாட்டில் தெரியும்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கற்பூரம் பற்றி நிறையப் பேச நினைத்தேன். பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும், தின்ற சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். ரிமோட்டின் வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். எலி பேஸ்ட் தின்ற பிள்ளை அன்றைக்கு நன்றாகவே விளையாடும், கல்லீரல் பிறகுதான் கெடும், அதனால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போங்கள்.