கிணற்றடியில் நின்ற இரண்டு பேர்

நேயர்களுக்கு வணக்கம். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழா. இரண்டுக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே விடுமுறை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 48 பேருக்குமேல் இந்துக்கள், 46 பேருக்குமேல் கிறிஸ்தவர்கள், 4 பேருக்குமேல் முஸ்லிம்கள். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறோம். அதனால்தான் ஒரு வதந்திக்கு இங்கே இத்தனை பலம்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடற்கரை ஊர்களுக்கும் உள்பக்க ஊர்களுக்கும் போக்குவரத்து நின்றது. எங்கள் வீட்டுக்குத் தினமும் கடவத்தில், அதாவது ஓலைப் பெட்டியில், மீன் கொண்டுவரும் அக்கா வரவில்லை. அம்மா அவருக்கென்று எடுத்து வைக்கும் மரச்சீனிக் கிழங்கு திண்ணையிலேயே காய்ந்தது.

அந்த வாரம் ஊர்க்கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் சொன்னது? தெரியாது. எல்லாரும் யாரோ சொன்னதாகத்தான் சொன்னார்கள். ஆண்கள் கம்பு எடுத்துவிட்டார்கள். அப்போது கோவில் தர்மகர்த்தாவும் கிறிஸ்தவ ஆலயத்து உபதேசியாரும் சேர்ந்து கிணற்றடிக்கு வந்தார்கள். ஒருவர் வாளியை இறக்கினார், மற்றவர் கயிற்றை இழுத்தார். இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்தார்கள். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பேச்சு ஒன்றும் பேசவில்லை. கம்புகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின.

போலீஸ் வந்தால் அடிதடி நிற்கும்; வதந்தி நிற்காது. ஊர் நம்புகிற ஆள் வந்தால்தான் அது நிற்கும். அந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் பழகியவர்கள் இல்லை. இருபது வருடம் ஒரே தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சமாதானக் கமிட்டியைச் சண்டைக்குப் பிறகு கூட்டாதீர்கள், திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் கூட்டுங்கள். இப்போது வதந்தி வாட்ஸ்அப்பில் வருகிறது, கிணற்றடிக்கு நடந்து வர நேரமே கிடைக்காது. கோவில் ஒலிபெருக்கியிலும் ஆலய ஒலிபெருக்கியிலும் ஒரே அறிவிப்பைப் படிக்க ஆள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

குன்றக்குடி அடிகளாரும் அந்த நாட்களில் இங்கே வந்து சமாதானத்துக்காக உழைத்தார். அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

அப்புறம் அந்த மீன்கார அக்கா. சில மாதம் கழித்து ஒரு காலையில் கடவத்தோடு வந்து நின்றார். அம்மா எதுவும் கேட்கவில்லை, கிழங்கை எடுத்து வைத்தார். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று அவர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தது எங்கள் வாசலுக்குத்தான். வேறு எந்த வீட்டுக்குப் போவார்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் இரவு முழுக்கப் பாடும் ஞானப்புகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். சாமித்தோப்பு முத்திரிக்கிணறும் விட்டுப்போகிறது. எல்லாச் சாதிக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க அய்யா வைகுண்டர் வழிசெய்தது 19ஆம் நூற்றாண்டில். சாமித்தோப்புப் பக்கம் போனால் அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு வாருங்கள். வணக்கம்.