அரை நொடியில் நாலு கல்லையும் அள்ளுவது எப்படி? | அஞ்சாங்கல் ரகசியம்

[திரையில்: சிமெண்டுத் தரை, ஐந்து ஜல்லிக் கற்கள், ஒரு கை]

இதோ பாருங்கள். கல் மேலே போகிறது, தரையில் கிடந்த நாலும் கைக்குள், மேலே போனதும் கைக்குள். எடிட்டிங் எதுவும் இல்லை. ஆனால் இது பதினேழாவது டேக்!

அஞ்சாங்கல், கல்லாங்காய், சொட்டாங்கல், தட்டாங்கல். உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கமெண்டில் போடுங்கள், சண்டை மட்டும் வேண்டாம்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல். புறநானூற்றின் 36-ஆம் பாட்டில், ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில் பெண்கள் கழங்கு, அதாவது இதே மாதிரி ஆட்டக் காய், ஆடுகிறார்கள். கல்லில் இல்லை, பொன்னில் செய்த கழங்கு! நாம் வீடு கட்டும் இடத்து ஜல்லிக் குவியலில் பொறுக்கிக்கொண்டு, மேஸ்திரியிடம் திட்டு வாங்கிய பரம்பரை. சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ஐந்து கல்லையும் தரையில் உருட்டி விடுகிறோம். ஒன்றை எடுத்து மேலே போட்டு, அது விழுவதற்குள் கீழே இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்கிறோம். அப்புறம் இரண்டிரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றும், அப்புறம் நாலும் ஒரே அள்ளாக. எடுக்கும்போது பக்கத்துக் கல் அலுங்கினால் அவுட். அலுங்கியதா இல்லையா என்று நடக்கும் வழக்கு ஆட்டத்தைவிட நீளமானது.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம்.

[திரையில்: 30 செ.மீ. ஸ்கேல், செங்குத்தாக]

கையிலிருந்து ஸ்கேல் உயரத்துக்கு, அதாவது 30 சென்டிமீட்டருக்குக் கல்லைப் போட்டால், ஏறி இறங்க எவ்வளவு நேரம்? கிட்டத்தட்ட அரை நொடி. அதற்குள் கை தரைக்குப் போய், நாலு கல்லையும் வழித்து, திரும்பி வந்து ஏந்த வேண்டும்.

"அவ்வளவுதானே, இன்னும் மேலே போடுகிறேன்" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நொடி கிடைக்க வேண்டுமென்றால் 60 சென்டிமீட்டர் போதாது, 120 வேண்டும். நேரம் இரண்டு மடங்காக, உயரம் நாலு மடங்காக வேண்டும். புவியீர்ப்பு கறாரான ஆள், தள்ளுபடி கிடையாது.

அதோடு முடியவில்லை. வீசும்போது நேர் மேலே போகாமல் 5 டிகிரி சாய்ந்தது என்று வையுங்கள். 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்ட கல் பத்து சென்டிமீட்டர் தள்ளி இறங்கும். கையை நகர்த்திப் பிடித்துவிடலாம். அதே சாய்வில் 120-க்குப் போட்டால், 40 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சியின் மடிக்கு.

இன்னொன்று: "என் கல் கனம், அதான் சீக்கிரம் விழுந்துடுச்சு" என்ற சாக்கு செல்லாது. இந்த உயரத்தில் சின்னக் கல்லும் பெரிய கல்லும் ஒரே வேகத்தில்தான் இறங்கும்.

அப்படியானால் கெட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? என் பெரியம்மா ஆடுவதை ஸ்லோ மோஷனில் எடுத்தேன். அவர் உயரத்தைக் கூட்டவே இல்லை, வேலையைக் குறைத்துவிட்டார். உருட்டும்போதே நாலு கல்லும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்படி மணிக்கட்டை லேசாக நிறுத்தி விடுகிறார். தரையை ஒரே ஒரு முறை பார்க்கிறார். கல் மேலே போன பிறகு கண் அதைவிட்டு அசைவதில்லை. கீழே அள்ளுவது விரல்கள் மட்டும். ஒன்றான், அதாவது ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்று, ஆடும்போது நேர்மாறு, கற்களை நன்றாகச் சிதற விடுகிறார், அலுங்காமல் இருக்க. எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாதிரி உருட்டுகிற என்னைப் பார்த்து, "நீ என்னடா சோளப்பொரியா கொட்டுற?" என்றார். அந்த கிளிப்பை நான் போட மாட்டேன்.

கடைசிச் சுற்று, புறங்கை. ஐந்தையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தி, அங்கிருந்து மறுபடி எறிந்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். விரல்களை ஒட்டி வைத்து நுனியைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். முட்டிக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம் விழும், கல் அதில் தங்கும். கொரியாவில் இதே ஆட்டத்துக்குக் 'கொங்கி' என்று பெயர். அங்கே புறங்கைச் சுற்றில் பிடித்த கல்லுக்கு வயதைக் கணக்கு வைப்பார்கள், ஒரு கல்லுக்கு ஒரு வயது.

சரி, நேரலையாக ஒரு முறை. எத்தனை வயது வரும் என்று பார்ப்போம்.

[கற்கள் தரையில் விழும் சத்தம்]

ஒரு வயது. லைக் போடுங்கள், பச்சைக் குழந்தை.