ஒரே மரபணு, ஆயிரம் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நெல்லைக்காரன் காப்பியடிப்பதைப் பற்றிப் பேசினால் அல்வாக் கடைப் பெயர்ப்பலகையில்தான் ஆரம்பிப்பான் என்று நினைத்திருப்பீர்கள். அதை விடுங்கள், எல்லோருக்கும் தெரிந்த கதை.

புரட்டாசி விதைப்புக்காகச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு விதைக்கடைக்குப் போயிருந்தேன். அலமாரி நிறையப் பருத்திப் பாக்கெட்டுகள், கம்பெனிக்கு ஒரு படம். "எது நல்லாக் காய்க்கும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "பேருதான் வேற. உள்ள புழுவைக் கொல்லுத சரக்கு ஒண்ணுதான்" என்றார்.

உண்மைதான். 2002-ல் நம் நாட்டு விதைக் கம்பெனி மஹிகோவும் அமெரிக்காவின் மான்சாண்டோவும் கொண்டுவந்த பிடி (Bt) பருத்திக்கு, அதாவது புழுவைக் கொல்லும் விஷத்தைச் செடியே உண்டாக்கும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்திக்கு, அரசு அனுமதி கிடைத்தது. பத்தே வருடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரிய ஒட்டு ரகங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் இருந்தது அதே மான்சாண்டோ மரபணு. மற்ற கம்பெனிக்காரர்களுக்கு மூளை இல்லாமல் இல்லை. சொந்தமாக ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து, சோதித்து, அனுமதி வாங்க வருடக்கணக்கில் ஆகும், பணமும் கோடிக்கணக்கில் போகும். லைசென்ஸ் தொகை கட்டுவது அதைவிட மலிவு. தங்கள் ஒட்டு ரகத்தை அடுத்தவன் எடுத்துவிடுவான் என்ற பயமும் அதிகம் இல்லை. ஒட்டு விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் பழைய வீரியம் வராது. பூட்டு விதைக்குள்ளேயே இருக்கிறது.

மருந்தில் கதை வேறு. 1970 காப்புரிமைச் சட்டப்படி நம் நாட்டில் அப்போது மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்குத்தான் இருந்தது. அந்தச் சூழலில்தான் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் மஞ்சள்காமாலை பி தடுப்பூசியை இங்கேயே தயாரித்தது. பின்னாலேயே மற்ற இந்தியக் கம்பெனிகளும் இறங்கின, விலை சரிந்தது. அந்தக் காப்பியடித்தலை நான் குறை சொல்ல மாட்டேன்.

2005-ல் சட்டம் மாறி, மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வந்தது. சரி, அப்போதாவது காப்பியடிப்பது நின்றதா? மருந்தைத் தொட முடியாவிட்டால், அது உடம்பில் எதைக் குறிவைக்கிறதோ அதைக் குறிவைக்கலாமே! சீனாவைப் பாருங்கள். 2014-ல் அமெரிக்காவில் பிடி-1 (PD-1) என்ற புரதத்தைத் தடுக்கும் இரண்டு புற்றுநோய் மருந்துகளுக்கு அனுமதி கிடைத்ததும், சீனாவில் பல கம்பெனிகள் அதே புரதத்துக்குத் தங்கள் தங்கள் மருந்தோடு வந்து நின்றன. மனிதரிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் கடைசியில் கடைக்கு வருகிறது. அந்த இருட்டில் முன்னால் ஒருத்தன் கரை ஏறிய தடம் தெரிந்தால், பணம் போட்டவர்களே "அந்த வழியாப் போ" என்பார்கள்.

பருத்திக்குத் திரும்புவோம். எல்லாப் பருத்திக் காட்டிலும் ஒரே விஷம் என்றதும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டது, முதலில் குஜராத்தில், அப்புறம் மற்ற இடங்களில். நம் கரிசலில் தாத்தா காலத்தில் விதைத்த கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இருக்கிறதா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். சிரித்தார். "அதுக்கு எந்தக் கம்பெனி பாக்கெட் போடும்? வருசா வருசம் நீங்களே விதை எடுத்து வச்சிக்கிடுவீயளே!"