பச்சோந்தி கூண்டுக்கு எந்தக் கொம்பு? பால் மரம் (ரப்பர் மரம்) மட்டும் வேணாம்லா!

வணக்கம் மக்களே, மலேசியா, சுங்கை சிப்புட்லேர்ந்து பேசுறேன், பின்னாடி கேக்குறது பக்கத்து வீட்டு புல்லு மெஷின், பொறுத்துக்குங்க. இன்னைக்கு நம்ம ராசு கூண்டுக்கு கொம்பு மாத்துறோம். ராசு வெய்ல்டு (veiled) பச்சோந்தி, ஏமன், சவூதி பக்கத்து இனம். மலாய்க்காரங்க சும்பா-சும்பான்னு சொல்ற நம்ம வேலி ஓணான் வேற, அத புடிச்சு கொண்டாரவான்னு நெறைய பேரு கேக்குறீங்க, வேணாம், அது வேலியிலயே இருக்கட்டும்.

இப்ப கேமராவ அவன் காலுகிட்ட கொண்டு போறேன், பாருங்க. முன்னங்கால்ல உள்பக்கம் மூணு வெரலு, வெளிய ரெண்டு. பின்னங்கால்ல அப்படியே மாறி, உள்ள ரெண்டு வெளிய மூணு. கொறடு மாதிரி கவ்வித்தான் நடப்பான். அதனால கொம்பு அவன் புடிக்குள்ள அடங்கணும், இவன் சைஸுக்கு பெருவெரல் தடிமன் சரி, நடுவுல கொஞ்சம் பென்சில் தடிமன்லயும் குடுங்க, எல்லாம் ஒரே அளவா இருந்தா காலுக்கு வேலையே இல்ல. நான் மொதல்ல அழகுக்காக வழவழன்னு மூங்கில் வச்சேன், ஏறுறான், வழுக்குறான், மறுபடி ஏறுறான், கடைசில தொப்புன்னு கீழ, நல்ல வேளை தொட்டிச் செடி மேல விழுந்தான். அன்னைக்கே மூங்கில தூக்கி போட்டுட்டேன்.

நம்மூர்ல சும்மா கெடைக்கிறது பால் மரக் கொம்புதான், அதுதான் ஆகாது. எங்க பாட்டி அந்தக் காலத்துல பால் மரம் வெட்டி பால் எடுத்தவங்க, துணியில பால் பட்டா கறுத்துப் போய் ஒட்டிக்கும், எத்தன தடவ தொவச்சாலும் போகாதுன்னு சொல்வாங்க. அது இவன் காலுல, கண்ணுல பட்டா யோசிச்சு பாருங்க. கோயில் வாசல் அரளியும் தொடாதீங்க, வெஷம். செம்பனைக் காட்டு ஓரத்துல புல்லுக்கு மருந்து அடிக்கிற எடத்துலேர்ந்தும் எதுவும் எடுக்காதீங்க.

நான் எடுக்குறது கொய்யா, செம்பருத்தி. செம்பருத்தி நம்ம தேசிய மலரு, 1960லேர்ந்து, இவனுக்கு அது தீனியும் கூட, எலைய கடிச்சு தின்னுக்கிட்டே மேல போவான். கொம்ப வெட்டி, எறும்பு இருக்கான்னு தட்டிப் பாத்து, சுடுதண்ணி ஊத்தி தேச்சு, நல்லா காயுற வரைக்கும் வெயில்ல போடுங்க. சோப்பு வேணாம். பாட்டி பாத்துட்டு அடுப்புக்கு வெறகான்னு கேட்டாங்க.

மேல் கொம்பு மட்டும் கவனம். கூண்டு மேல இருக்குற சூடு லைட்டுக்கும் கொம்புக்கும் எவ்ளோ தூரம்னு அளக்காதீங்க, இவன் தலைக் கொண்டை எங்க வருதோ அங்கேர்ந்து அளங்க, இல்லன்னா கொண்ட வெந்துரும். அந்த உயரத்துல கைய கொஞ்ச நேரம் வச்சு பாருங்க, கை சுட்டா அவனுக்கும் சுடும்.

கேபிள் டை போட்டு கட்டியாச்சு, டையோட மிச்ச வால வெட்டி விட்டேன், கூரா நீட்டிக்கிட்டு இருந்தா கீறிரும். ஆட்டி பாக்குறேன்... ம், அசையல. ராசு, ஏறு பாப்போம். மூணு கால் புடிச்சிருச்சு, ஒண்ணு அந்தரத்துல ஆட்டிக்கிட்டே நிக்கிறான், இது எப்படியும் அஞ்சு நிமிஷம் ஆகும், நீங்க போயி தே தாரேக் குடிச்சிட்டு வாங்க.