முதலில் வலையை எண்ணு

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கும், அடுப்படியில் நின்று கேட்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம். கோபத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது எனக்கு 26 வயது. எங்கள் தீவுக்கு வடக்கே இருக்கிற வடகடலில் சாயங்காலமே நண்டு வலை விட்டிருந்தோம். விடியும்போது போய்ப் பார்த்தால் மிதப்புகளில் பாதியைக் காணோம். ஒரு விசைப்படகு தன் இழுவை வலையை இழுத்துக்கொண்டு எங்கள் வலைக்கு மேலேயே போயிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் அந்தப் படகு நின்றது. அதன் பின்பக்கம் எங்கள் வலைத் துண்டு தொங்கியது. கடன் வாங்கிப் போட்ட வலை. கயிறு அறுக்கிற கத்தி என் கைக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. காது இரண்டும் கொதித்தன. "படகை அங்க விடுங்க சித்தப்பா" என்று கத்தினேன்.

சுக்கான் பிடித்திருந்த சித்தப்பா இன்ஜினை அணைத்தார். "எத்தனை துண்டு மிச்சம்னு முதல்ல எண்ணுடா. எண்ணிச் சொல்லு, அப்புறம் போகலாம்" என்றார்.

ஈர வலையை எண்ண இரண்டு கையும் வேண்டும். கத்தியைப் படகின் முன்பக்கம், அணியத்தில் வைத்தேன். இழுத்து, மடித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்றில் தப்பு விட்டேன். முதலிலிருந்து எண்ணச் சொன்னார். 23 என்று சொல்லி முடிக்கும்போதும் கோபம் போகவில்லை. ஆனால் கை என் பேச்சைக் கேட்டது. கரைக்கு வந்து மீனவர் சங்கத்தில் சொன்னோம். நஷ்டத்தில் பாதி ஈடாகக் கிடைத்தது.

அன்றைக்கு என் உடம்பில் நடந்தது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆபத்து என்று பட்டவுடன் மூளையின் ஒரு பகுதி மணியடித்துவிடும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கைகால் தசைகளுக்கு ரத்தம் பாயும். யோசித்து முடிவெடுக்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது வந்து சேரக் கொஞ்சம் பிந்தும். தூக்கம் கெட்டிருந்தாலும் குடித்திருந்தாலும் இன்னும் பிந்தும். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வருகிறவருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அந்த நேரத்தில் நம்மால் அடக்கவே முடியாதா? "கோபம் வந்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிற அண்ணன்மார் நிறையப் பேர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அட்வான்ஸ் கொடுத்த வியாபாரி எடையில் குறைக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா இல்லையா? வருகிறது. கைகட்டி நிற்கிறீர்கள். அதே கோபம் வீட்டு வாசல் தாண்டியதும், சோறு ஆறிப்போச்சு என்று மனைவி மேல் விழுகிறது, பிள்ளை மேல் விழுகிறது. வியாபாரி முன்னால் அடக்க முடிந்தவருக்கு வீட்டில் மட்டும் முடியாது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயப்படுகிற இடத்தில் நிற்கத் தெரிகிறது. அன்பு இருக்கிற இடத்திலும் அப்படி நிற்கத்தான் கேட்கிறேன்.

விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வருமானம் நின்று, வட்டி ஏறி, ஆண்கள் எல்லாம் கரையில் இருக்கிற மாதங்கள். வீட்டுச் சண்டைகள் கூடுவதை அப்போது பார்க்கிறேன். அதனால் ஏப்ரலுக்கு முன்னாலேயே பேசி வையுங்கள். "எனக்குக் காது சூடாச்சுன்னா வெளியே போயிடுவேன், அரை மணியில் வந்துடுவேன்" என்று மனைவியிடம் நிதானமாக இருக்கும்போதே சொல்லுங்கள். வந்துவிடுவேன் என்று சொல்வது முக்கியம். சொல்லாமல் போனால் அது வேறொரு தண்டனை. போகிற இடம் சாராயக் கடையாக இருக்கக் கூடாது.

நடந்து போகும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். நெஞ்சுத் துடிப்பு இறங்கும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: கயிறு முடியலாம், தண்ணீர் இறைக்கலாம். சுவரைக் குத்தினால், பாத்திரத்தை எறிந்தால் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். அது கோபத்தை வளர்க்கத்தான் செய்யும். இன்னொன்று, கோபத்தோடு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது. கத்தியைக் கீழே வைக்கிற மாதிரி போனையும் கீழே வையுங்கள்.

அடி வாங்குகிற அக்காமாரே, அவர் கோபத்தை ஆற்றுவது உங்கள் பொறுப்பு இல்லை. 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். தன் கோபத்துக்குத் தானே பயப்படுகிற தம்பிமார் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

சித்தப்பா போன பிறகும் அந்தக் கத்தி எங்கள் படகில்தான் இருக்கிறது. நேற்றுகூடப் பாசி சிக்கிய கயிற்றை அதில்தான் அறுத்தேன். நன்றி, வணக்கம்.