பேப்பர் லாமா வண்டிக்கு முன்னால்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாசகர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டு வந்திருப்பீர்கள். பசியாறாதவர்களுக்குப் பின்மேசையில் நாசி லெமாக் பொட்டலம் இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்துச் சாப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

காலையிலேயே ஒரு சாவு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்த பெரியவர் ஒருவர். ரப்பர் பால்மரக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகும் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தன்று பட்டணத்துக்கு வந்தால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், இவர் புத்தகக் கடைக்குப் போவார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் கண்ணில் பட்டதென்றால் அது அவர் வீட்டில்தான். இரவல் கொடுப்பார். ஆனால் நீளமான ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். கிராணி அல்லவா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவனைக் குறிப்பது போலவே புத்தகம் திருப்பித் தராதவனையும் குறித்து வைப்பார்.

அவர் காலமாகிப் பதினாறாம் நாள் சடங்கும் முடிந்த பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனேன். அலமாரி நான்கும் காலி. முதல் நாள்தான் பேப்பர் லாமா வண்டி வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியும், ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டே பழைய பேப்பர் வாங்கத் தெருத் தெருவாக வரும் வண்டி. எல்லாவற்றையும் எடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மகன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தமிழ்ப்பள்ளிக்குப் போகாதவர், அந்தப் புத்தகங்கள் அவருக்கு வெறும் தாள். "அண்ணே, இது யாருக்கு வேணும்னு தெரிஞ்சிருந்தா சும்மாவே கொடுத்திருப்பேனே" என்றார். இன்று நான் இங்கே நிற்பதே அந்த ஒரு வார்த்தையால்தான்.

எஞ்சியது அந்தக் கணக்குப் புத்தகம் மட்டும். அதை எனக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து புரட்டினால் என் பெயரும் இருக்கிறது, எதிரே ஒரு நாவலின் பெயர், பக்கத்தில் சிவப்பு மையில் 'வரவில்லை'. நாற்பது வருடமாக என் அலமாரியில் இருக்கும் புத்தகம் அது. அவருடைய நூலகத்தில் பிழைத்தது நான் திருப்பிக் கொடுக்காத அந்த ஒன்றுதான்! இதைப் பெருமையாகச் சொல்கிறேனா வெட்கப்பட்டுச் சொல்கிறேனா என்று இன்னமும் எனக்கே தெளிவில்லை.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? என் புத்தகங்களை இணையத்தில் பதிய உட்கார்ந்தேன்.

இதற்கென்றே சில தளங்கள் இருக்கின்றன. லைப்ரரிதிங் என்பதை அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் டிம் ஸ்பால்டிங் என்பவர் 2005-இல் தொடங்கினார். முன்பு 200 புத்தகம் வரைதான் இலவசம், 2020-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். குட்ரீட்ஸ் 2007-இல் வந்தது, 2013-இல் அமேசான் அதை வாங்கிக்கொண்டது. படித்ததைப் பற்றிப் பேசவும் நட்சத்திரம் போடவும் அங்கே கூட்டம் அதிகம். வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒழுங்காகக் கணக்கு வைக்க எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு எது கைக்கு வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

புதிய புத்தகம் என்றால் வேலை சுலபம். பின்னட்டையில் கோடு கோடாக இருக்கிறதே, அதன் மேல் திறன்பேசியைக் காட்டினால் போதும். அந்தக் கோட்டோடு இருப்பது ஐ.எஸ்.பி.என்., அதாவது நூலுக்கான அடையாள எண். அது பெரும்பாலும் 978 என்று தொடங்கும். அடுத்து 967 அல்லது 983 என்றிருந்தால் நம் நாட்டில் பதிவான நூல், 81 அல்லது 93 என்றால் இந்தியா. 2006 முடிய பத்து இலக்கம், 2007 ஜனவரியிலிருந்து பதின்மூன்று. கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு. மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் அது வருகிறது. அதனால் நடுவில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் உடனே மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் கிராணி ஐயாவுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும்.

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பழையவை. எண்ணும் கிடையாது, கோடும் கிடையாது. அட்டைகூடக் கிடையாது. அதிலும் இங்கே எழுதியவர்கள் பலர் சொந்தக் காசில் அச்சடித்து, பையில் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர்கள். அந்தப் புத்தகங்களைக் கையால்தான் பதிய வேண்டும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்தவர், அச்சகம், ஊர், ஆண்டு. தலைப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். தட்டச்சு தெரியாது என்று சொல்லாதீர்கள். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். நம் கையிலேயே இருப்பதை நாமே தொடாமல் இருந்தால் எப்படி?

பெரிய நூலகப் பட்டியல்களிலிருந்தும் விவரத்தை இழுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நம் நூல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருக்கின்றன. எல் எழுத்துக்குக் கீழே கோடு போட்டால் ழ, புள்ளி வைத்தால் ள. இது தெரியாமல் நாம் நினைத்தபடி தட்டினால், இருக்கிற புத்தகத்தையும் இல்லை என்று சொல்லிவிடும். ஆசிரியர் பெயரும் அப்படித்தான். மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார் என்று மூன்று அட்டையில் மூன்று விதமாக இருக்கும். தளத்துக்கு அவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரே என்று சேர்த்துவைப்பது உறுப்பினர்களாகிய நம்முடைய வேலை. ஒரு மழைக்கால மாலையை இதில் கழிக்கலாம். எனக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு தெரியாது.

இதெல்லாம் எதற்கு, வீட்டில் இருக்கும் புத்தகம் எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டார். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி 1931-இல் வெளியிட்டார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது அதைத் திருப்பிப் போட்டது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த மூன்றாவதில்தான் நம் அலமாரிகள் தோற்றுப்போகின்றன. புத்தகம் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். அதைத் தேடிக்கொண்டிருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இங்கே எழுபதுகளில் அச்சான ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பதிந்தேன். உங்கள் புத்தகம் வேறு யாரிடம் இருக்கிறது என்று அந்தத் தளம் காட்டும். பல மாதம் என் ஒருவன் பெயர்தான் இருந்தது. திடீரென்று ஒருநாள் இரண்டு என்று காட்டியது. தெலுக் இந்தானில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். அவரே செய்தி அனுப்பினார்: "உங்கள் பிரதியில் 65-ஆம் பக்கம் இருக்கிறதா?" இதென்ன கேள்வி என்று எடுத்துப் பார்த்தேன், இருந்தது. அவர் பிரதியில் பைண்டு செய்தவர் ஒரு பாரத்தை, அதாவது ஒன்றாக மடித்த பக்கங்களின் கட்டை, விட்டுவிட்டு முந்தைய பாரத்தையே இரண்டு முறை வைத்துத் தைத்திருக்கிறார். பதினாறு பக்கம் இல்லை. ஒரு கதைக்கு முடிவு இல்லாமலேயே முப்பது வருடம் வைத்திருந்திருக்கிறார், அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போனாளா இல்லையா என்று தெரியாமல்!

அன்றிரவே பதினாறு பக்கத்தையும் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினேன். என் பிரதிக்கு அட்டை இல்லை. அவரிடம் இருந்தது, அதைப் படமெடுத்து அனுப்பினார். அட்டையில் பால்மரமும் ஒரு வாளியும் வரைந்திருந்தது. கதையின் முடிவைப் படித்துவிட்டு அவர் சொன்னது, "இதைவிட நான் யோசித்து வைத்திருந்த முடிவு நன்றாக இருக்கிறது ஐயா." இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறோம். எழுபது மைல்கூட இருக்காது இரண்டு ஊருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் இல்லையென்றால் ஒருவரை ஒருவர் தெரியாமலே போயிருப்போம்.

கிராணி ஐயாவின் கணக்குப் புத்தகத்தையும் விடவில்லை. அதிலிருந்த தலைப்புகள் 212. அந்தத் தளத்தில் என் கணக்குக்குள்ளேயே தனித் தொகுப்பாகப் பதிந்து வைத்திருக்கிறேன். புத்தகமே இல்லாமல் பட்டியல் எதற்கு என்று ஒரு நண்பர் சிரித்தார். அமெரிக்க அதிபராக இருந்த ஜெபர்சன் 1815-இல் தம் 6,487 புத்தகங்களைக் காங்கிரஸ் நூலகத்துக்கு விற்றார். 1851-இல் தீப்பிடித்து மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த நூல்களின் பட்டியல் போகவில்லை. அதை வைத்து லைப்ரரிதிங்கில் தன்னார்வலர்கள் அவருடைய நூலகத்தை மறுபடி அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதிபருக்குச் செய்வதைக் கிராணிக்குச் செய்யக்கூடாதா?

இரண்டு எச்சரிக்கை மட்டும். வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதையும் அங்கே போடாதீர்கள். வேண்டுமானால் அலமாரியையே பிறர் பார்க்காதபடி மூடியும் வைக்கலாம். இன்னொன்று, தளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஷெல்ஃபாரி என்று ஒன்று இருந்தது, 2016-இல் மூடிவிட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது என்று வைத்துக்கொள்ளுங்களேன், முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்கி ஒரு பிரதி அச்சடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மேலே மலாயிலோ ஆங்கிலத்திலோ பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரு வரி, இவற்றை யாரிடம் கேட்டுக் கொடுப்பது என்று. என் அலமாரியில் தெலுக் இந்தான் ஆசிரியையின் எண்தான் இருக்கிறது. அவர் அலமாரியில் என்னுடையது. எது முந்தும் என்று பார்ப்போம்.

போதும், நிறையப் பேசிவிட்டேன். ஆளுக்கு ஒரு புத்தகம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். இந்த மேசைக்கு வாங்க, தம்பிகள் இரண்டு பேர் திறன்பேசியோடு இருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் அட்டையில்லாத புத்தகத்தை மடியில் வைத்திருக்கிற அக்கா, முதலில் நீங்கள். உள்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறது போலத் தெரிகிறதே, அதையும் வாசியுங்கள், சேர்த்தே பதிந்துகொள்வோம்.