ஸ்டேஷன் எதிரிலேயே இருக்க, ஏன் சுற்றி நடக்கவிட்டார்கள்? தோஹா 2022

[காட்சி: இரவு. லுசைல் ஸ்டேடியத்தின் தங்க நிறச் சுவர். வெளியேறும் கூட்டம்.]

2022 உலகக் கோப்பை கால்பந்து. கத்தார் தலைநகர் தோஹாவை ஒட்டிய லுசைலில் மேட்ச் முடிந்து வெளியே வருகிறீர்கள். மெட்ரோ ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிறது. நேராக நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் இரும்புத் தடுப்புகள் உங்களை இடப்பக்கம் திருப்புகின்றன, அப்புறம் வலப்பக்கம், அப்புறம் வந்த திசைக்கே. ஸ்டேஷன் கிட்டே வந்து மறுபடி விலகிப் போகிறது. நிறையப் பேர் திட்டிக்கொண்டேதான் நடந்தார்கள். காலியான திறந்த வெளியில் எதற்கு இவ்வளவு வளைவு? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: கத்தார் வரைபடம். எட்டுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

வழக்கமாக உலகக் கோப்பை நடக்கும் நாட்டில் ரசிகர்கள் ஊர் ஊராகப் போவார்கள். கூட்டமும் பிரிந்துவிடும். கத்தாரில் அந்த வசதி இல்லை. 32 அணிகள், 64 மேட்ச், 8 ஸ்டேடியம், எல்லாமே தோஹாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும். அதிக தூரத்தில் இருந்த இரண்டு ஸ்டேடியங்களுக்கு நடுவே சுமார் 75 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரம், அவ்வளவுதான்.

முதல் சுற்றில் பெரும்பாலான நாட்களில் நான்கு மேட்ச்: பகல் 1 மணி, மாலை 4, இரவு 7, இரவு 10. ஒரு கூட்டம் வெளியேறும்போதே இன்னொரு கூட்டம் வேறொரு ஸ்டேடியத்துக்குக் கிளம்பியிருக்கும். மெட்ரோவில் மூன்று பாதைகள்: சிவப்பு, பச்சை, தங்கம். மூன்றும் சந்திப்பது முஷைரிப் ஸ்டேஷனில் மட்டும். பாதை மாறவேண்டிய கூட்டத்தில் பெரும்பகுதி அங்கேதான் வந்து இறங்கும்.

[காட்சி: திரையில் எண்கள்]

சரி, ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். லுசைலில் சுமார் 88,000 இருக்கைகள். பாதிப் பேர், 44,000 பேர், மெட்ரோவுக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். தோஹா மெட்ரோ ரயிலுக்கு வழக்கமாக மூன்றே பெட்டி. நெருக்கியடித்து 600 பேர் ஏறட்டும், மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வரட்டும். மணிக்கு 12,000 பேர். எல்லோரும் போய்ச்சேர மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயில்களை இன்னும் நெருக்கமாக விட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே எளிதில் இறங்காது. ஆனால் கடைசி விசில் எல்லோருக்கும் ஒரே நொடியில்தான் ஊதுகிறது.

ஆக, யார் எப்படித் திட்டமிட்டாலும் பல்லாயிரம் பேர் எங்கேயாவது காத்திருந்தே ஆகவேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

பிளாட்பாரத்தில் காத்திருக்கவிட்டால்? தோஹாவில் பிளாட்பாரம் ஓரம் கண்ணாடிக் கதவுகள் உண்டு, யாரும் தண்டவாளத்தில் விழ முடியாது. ஆனால் எஸ்கலேட்டருக்குக் கண் கிடையாது. கீழே இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆபத்து அங்கே ஆரம்பிக்கிறது. ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் யாரும் தன் விருப்பத்துக்கு அசைய முடியாது. பின்னால் ஒருவர் லேசாகத் தள்ளினாலும் அது முன்னால் இருப்பவரின் நெஞ்சில் வந்து சேரும்.

[காட்சி: மேலிருந்து பார்த்தால் தெரியும் வளைந்து வளைந்து போகும் வரிசை. அனிமேஷன்.]

அதனால் கூட்டத்தைத் திறந்த வெளியிலேயே பிடித்துவைக்கிறார்கள். சும்மா நிற்க வைக்காமல் நடக்க வைக்கிறார்கள், மடித்து மடித்துப் போட்ட ஒற்றைப் பாதையில். நடக்கும் கூட்டம் தள்ளுவது குறைவு, ஏதோ நகர்கிறோம் என்ற நிம்மதி இருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு வளைவும் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். வாசலில் நிற்கும் பணியாளர்கள் உள்ளே இடம் இருப்பதைப் பார்த்து ஒரு தொகுதியை விடுவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி விடுவார்கள்.

இந்த வேலையில்தான் ஒரு ஆள் உலகப் புகழ் பெற்றார். தோஹாவின் பழைய சந்தையான சூக் வாகிஃப் பக்கம் உயரமான நாற்காலியில், கையில் திசை காட்டும் பெரிய ஃபோம் விரலோடு, ஒலிபெருக்கியில் "மெட்ரோ? திஸ் வே!" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்த கென்ய இளைஞர் அபூபக்கர் அப்பாஸ். கூட்டம் திருப்பிப் பாட ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், அந்தப் போட்டியின் மிகச் சிறந்த போக்குவரத்து ஏற்பாடு அதுதான். செயலியைத் திறந்து வழி தேடாமல், தலை நிமிர்ந்தால் பதில் கிடைக்கிறது. சிரித்துக்கொண்டே நடப்பவர்கள் முண்டியடிப்பதும் இல்லை.

எல்லா இடத்திலும் இது சரியாக நடந்ததா? இல்லை. தொடக்க நாள் இரவே அல் பித்தா பூங்காவில் பெரிய திரையில் மேட்ச் பார்க்கும் ரசிகர் விழாவுக்கு, 40,000 பேருக்கான இடத்துக்கு, அதைவிட அதிகமானோர் வந்து நெரிசலாகிவிட்டது. போலீஸ் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளவேண்டி வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நம் பக்கத்து ஊரில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம், ஆர்சிபி வெற்றிக் கொண்டாட்டம். நெரிசலில் 11 பேர் இறந்தார்கள், உள்ளே கேலரியில் அல்ல, ஸ்டேடியத்துக்கு வெளியே, வாசல்களில்.

[காட்சி: மூடிய பள்ளி, வண்டியில்லாத கார்னிஷ் சாலை]

தோஹாவின் இன்னொரு ரகசியம் மெட்ரோவில் இல்லை. ஊரின் இயக்கத்தையே பாதி நிறுத்திவைத்தார்கள். போட்டி நடந்த காலம் முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை, அரசு அலுவலகங்களில் பெரும்பாலானோருக்கு வீட்டிலிருந்து வேலை, கடற்கரையோர கார்னிஷ் சாலையில் வாகனங்களுக்குத் தடை. ரசிகர் அட்டையான ஹயா கார்டு இருந்தால் மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம். இதை வெறும் தாராளம் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் கவுன்டரே இல்லையென்றால் அங்கே வரிசையும் இல்லை. ரயில்கள் அதிகாலை 3 மணிவரை ஓடின. மெட்ரோ போகாத அல் பைத் ஸ்டேடியத்துக்கு ஷட்டில் பஸ்.

சேப்பாக்கத்தில் ஐபிஎல் நடக்கிறது என்று சென்னைப் பள்ளிகளை ஒரு மாதம் மூட முடியாது, மூடவும் வேண்டாம். ஆனால் மேட்ச் டிக்கெட்டையே மெட்ரோ டிக்கெட்டாக ஏற்கும் ஏற்பாடு இங்கேயும் சில சீசன்களில் வந்திருக்கிறது. மடித்த வரிசைக்கும் ஒலிபெருக்கிக்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

[காட்சி: சேப்பாக்கம் வாசல், மேட்ச் முடிந்த நேரம்]

ரசிகராக உங்கள் கையில் இருப்பது இரண்டு. விசில் ஊதியதும் எழுந்து ஓடாதீர்கள், அரை மணி நேரம் இருக்கையிலேயே இருங்கள். முதல் அலை போனபிறகு கிளம்புகிறவருக்கு வரிசை குறைவு. அப்புறம், குழந்தைகளோடு போனால் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை உள்ளே நுழையும்போதே முடிவு செய்யுங்கள். அந்த இடம் வாசலாக இருக்கவேண்டாம். இரண்டு தெரு தள்ளி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடை வாசல் போதும். ஏனென்றால் அந்த நேரத்தில் போன் சிக்னல் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.